இருபது நிமிடத் துண்டு

மூன்றாவது மாடியிலேயே மேஸ்திரியின் இடது முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அது கெஞ்சுவதை விட்டுவிட்டுக் கெட்ட வார்த்தை பேசியது. இருபத்திரண்டு வருஷம் தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறிய முட்டி. கட்டட வேலையை விட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் அதற்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. படியைக் கண்டால் இன்னும் முதுகில் செங்கல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் லிப்ட் இருந்தது. அதன் மேல் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று பலகையும் இருந்தது.

"இன்னும் ரெண்டு மாடி இருந்திருந்தா உங்களுக்கும் அந்தத் தகுதி வந்திருக்கும் மாமா" என்றான் கண்டக்டர்.

கண்டக்டர் மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. ஒன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். பயணிகளோடு பேசுகிற சுவாரசியத்தில் பாதிப் பேருக்கு டிக்கெட் கொடுக்க மறந்துபோனதால் வேலை போனது. அக்கா சிபாரிசில் மேஸ்திரிக்கு உதவியாளன் ஆனான். உதவி எப்போதாவது வரும். பேச்சு எப்போதும் வரும்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு இவர்கள் துப்பறியும் அலுவலக அறைக்கு ஒரு பெண்மணி வந்திருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வழக்கைக் கொட்டினாள். அவளுடைய மருமகள் இந்த ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி கூடுகிறது. கூடினால் மருமகளுக்கு வேலை போய்விடும். ஒரு நோயாளியின் சதைத் துண்டை இன்னொரு நோயாளியின் பெயரில் போட்டுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு.

"பதினோரு வருஷமா நான் அவளைத் திட்டுறேன். எனக்கு உரிமை இருக்கு" என்றாள் மாமியார். "அவளுக்குத் துணி காயப்போடத் தெரியாது. கதவைச் சத்தமில்லாம சாத்தத் தெரியாது. ஆனா ஒரு டப்பால இருக்கிறதை இன்னொரு டப்பால மாத்திப் போட மாட்டா. வீட்டுல உப்பு டப்பாக்குக்கூட பேரும் தேதியும் எழுதி ஒட்டி வச்சிருக்கா. உப்பு என்னிக்காவது கெட்டுப்போகுமா? கேட்டா, பழக்கம்ங்கிறா. இப்படிப்பட்டவளைத் திட்டுறதுக்கு இவங்க யாரு?"

கதை இதுதான். ஆறு நாளைக்கு முன்னால் ஒரு தையல்காரம்மாவுக்குச் சினைப்பையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வயிறு திறந்திருக்கும்போதே கட்டியை லேபுக்கு அனுப்பினார்கள். இருபதே நிமிடத்தில் 'புற்றுநோய் இல்லை' என்று பதில் வந்தது. வயிற்றை மூடித் தைத்து, வெளியே காத்திருந்த சொந்தக்காரர்களிடம் நல்ல செய்தி சொன்னார்கள். நேற்றுக் காலை அதே கட்டியைப் பற்றிய நிதானமான ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இருக்கிறது, மறுபடியும் திறந்து சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும் என்றது அது.

தையல்காரம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். முதலில் இல்லை என்றீர்கள், இப்போது இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் யாருடையதையோ என் தலையில் கட்டுகிறீர்கள். யாருக்கோ வந்த நோய்க்காக நான் மறுபடி மேஜையில் படுக்க மாட்டேன். இன்று மாலை வீட்டுக்குப் போவதாக மூட்டை கட்டி வைத்திருந்தாள். அந்த ரிப்போர்ட் அவளுடையதாகவே இருந்தால், அந்த மூட்டையோடு அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

கமிட்டியின் தலைவர், ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரேதான்.

அவர் இவர்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார். அதிலும் ஒன்றரை நிமிடம் ஜன்னலோரச் செடிகளுக்குப் போனது. ஒரே அளவு வெள்ளைத் தொட்டிகள் ஐந்து, வரிசையாக. சிவப்புப் பூ. அளவுக் குடுவையில் தண்ணீர் பிடித்துக் கோடு பார்த்து ஊற்றினார். கண்டக்டர் செடிகளின் உடல்நிலையை விசாரித்தான். மூன்றாவது செடியின் இலை பழுத்திருக்கிறதே, காய்ச்சல் ஏதும் உண்டா என்று கேட்டான். பெரிய டாக்டர் சிரித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் பலருக்குத் தெரியாது.

பிறகு வழக்கைச் சொன்னார். வெளியே எடுத்த கட்டி பூசணிக்காய் அளவு. அதை முழுசாக அனுப்பினார். ஆனால் லேப் பதிவேட்டில் அன்றைக்கு வந்ததாக எழுதியிருப்பது எலுமிச்சை அளவு.

"பூசணி நாலு மாடி இறங்கினா எலுமிச்சை ஆயிடுமா? அந்த எலுமிச்சை வேற யாரோடதோ. மாத்திட்டாங்க. அவ்வளவுதான்."

மேஸ்திரி அவர் முகத்தைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தார். சுவர் நேராக நின்றது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவனைப் பிடிப்பது சுலபம். உண்மை என்று நம்பித் தப்பாகச் சொல்கிறவனைப் பிடிக்க எங்கே கை வைப்பது என்று தெரியாது.

நாலு மாடி இறங்கி, அதற்கும் கீழே ஒரு தளம் போனால் லேப். இறங்கும்போது முட்டி வேறு பாஷையில் திட்டியது.

டெக்னீஷியன் நாற்பது வயதுப் பெண். கண் சிவந்திருந்தது, ஆனால் மேஜை மேல் ஒரு தூசி இல்லை. மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் 'தண்ணீர்' என்று எழுதி, தேதி போட்டு ஒட்டியிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, மாமியார் சொன்னது உண்மைதான் என்று மேஸ்திரியின் காதில் சொன்னான்.

அவள் வேலையைச் செய்தே காட்டினாள். சதைத் துண்டை ஒரு பசையில் பதித்து, உறைய வைக்கும் பெட்டிக்குள் வைத்தால் இரண்டொரு நிமிடத்தில் கல்லாகிவிடும். பிறகு பெட்டிக்குள் இருக்கும் கத்தியில் சீவ வேண்டும். முடியைவிட மெல்லிய சீவல். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். அதைக் கண்ணாடியில் ஒட்டி, சாயத்தில் முக்கி, லேப் டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்க வேண்டும். எல்லாம் இருபது நிமிடம். மேலே ஒருவர் வயிறு திறந்து கிடக்கிறார் என்ற நினைப்போடு.

"மெதுவா செஞ்சா என்னங்க?" என்று கேட்டான் கண்டக்டர்.

"மெதுவா செய்யற முறை வேற இருக்கு. மெழுகுல பதிச்சு, பல துண்டா வெட்டி. அதுக்கு நாள் கணக்காகும். அதுவரைக்கும் வயித்தைத் திறந்தே வச்சிருக்க முடியாதே."

லேப் டாக்டரம்மா இடையில் வந்து சேர்ந்துகொண்டார். குள்ளமான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி. அவசர முறையைக் குறை சொல்லிவிட்டு யாரும் தன் லேபை விட்டுப் போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். போன மாதம் ஒரு லாரி டிரைவருக்குத் தாடையில் கட்டி. புற்றுநோய் என்று நினைத்துப் பாதித் தாடையை எடுக்கத் தயாராகிவிட்டார்கள். துண்டு கீழே வந்தது. இருபது நிமிடம். அது வெறும் கிருமி வீக்கம். தாடை தப்பியது.

"இப்ப கேன்டீன்ல ஒருத்தர் கல்லு மாதிரி பன்னைக் கடிச்சிக்கிட்டிருந்தாரே, அவரா?" என்றான் கண்டக்டர்.

அவரேதானாம். மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கும்படி மென்றுகாட்டிவிட்டுப் போவாராம்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "எனக்குக் குடுத்த துண்டைப் பத்தி மட்டும்தான் நான் சொல்ல முடியும். குடுக்காத துண்டைப் பத்திச் சொல்றவங்க ஜோசியருங்க. அன்னிக்கு நான் போன்ல சொன்னது, 'இந்தத் துண்டுல புற்றுநோய் இல்லை, முழுசும் பார்த்துட்டுதான் முடிவு'ன்னு. நாலு மாடி ஏறிப் போறதுக்குள்ள பின்பாதி எங்கேயோ இறங்கிடுச்சு."

"துண்டா? பெரிய டாக்டர் முழுசா அனுப்பினேன்கிறாரே" என்றார் மேஸ்திரி.

டெக்னீஷியன் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மருந்துத் திரவத்தில் மங்கிய நிறத்தில் ஒரு சதை. அன்றைக்கு வந்ததில், சீவியது போக மீதி. கையுறை போட்டு எடுத்துக் காட்டினாள். ஒரு முகத்தில் மட்டும் பச்சை மை. எது வெளிப்பக்கம் என்று பிறகு தெரிய வேண்டும் என்பதற்காக, வெட்டுவதற்கு முன்னால் கட்டியின் வெளித்தோலுக்கு மை பூசுவது இங்கே வழக்கம். மற்ற முகங்களில் மை இல்லை. அங்கெல்லாம் பூசுவதற்குத் தோலே இல்லை.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். முழுப் பூசணி என்றால் சுற்றிலும் தோல் இருக்கும். சுற்றிலும் பச்சை இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தோல் என்றால் அது எலுமிச்சையும் இல்லை. பத்தை. யாரோ எதிலிருந்தோ வெட்டிய பத்தை.

இதைப் பெரிய டாக்டரிடம் சொன்னார்களா என்று கேட்டார். சொன்னார்களாம். நான் பத்தை அனுப்பவில்லை, அப்படியானால் அது யாருடைய பத்தை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

"உனக்கு அன்னிக்கே சந்தேகம் வரலையாம்மா?"

டெக்னீஷியன் துண்டை ஜாடிக்குள் திருப்பிப் போட்டாள். "வந்துச்சு" என்றாள். "சீட்டுல 'கட்டி'ன்னு எழுதியிருந்தாங்க. வந்தது துண்டு. மேல கேட்டிருக்கணும். நேரமாகுதேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. ஆனா மாத்தலை."

தன் தப்பைத் தானே சொல்கிறவளுக்கு மேஸ்திரியின் கணக்கில் எப்போதும் ஒரு படி கூடுதல்.

சரி, அந்தப் பூசணி எப்போதுதான் வந்தது? மறுநாள் காலையில் வந்ததாம். எதில்?

டெக்னீஷியன் கூச்சத்தோடு மூலையைக் காட்டினாள். தரை துடைக்கும் வாளி. சிவப்புக் கைப்பிடி. விளிம்பில் துடைப்பத் துணியைப் பிழியும் சல்லடை இன்னும் இருந்தது.

கண்டக்டர் வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். "என் சர்வீஸ்ல ஆட்டுக்குட்டியக்கூட மடியில வச்சு ஏத்தியிருக்கேன் மாமா. இப்படி ஒரு பயணத்தை நான் பார்த்ததில்லை."

பெரிய கட்டி இதில்தான் வருமா என்று மேஸ்திரி கேட்டார். இல்லை, அதற்கென்று மூடி போட்ட வாளி உண்டு. கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எடுத்துக் காட்டினாள். வெள்ளை நிறம், வட்டம், முழங்கால் உயரத்தில் பாதி. ஒரு பக்கம் அச்சடித்த சீட்டு: நோயாளி பெயர், வயது, வார்டு, நேரம்.

மேஸ்திரி அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வெள்ளையை, இந்த உயரத்தை, இந்த விளிம்பை இன்றைக்கு எங்கேயோ பார்த்தோம். வரிசையாக. வெயிலில்.

"மாப்ள, மறுபடி நாலு மாடி" என்றார்.

"எதுக்கு மாமா?"

"பழுத்த இலைக்கு வைத்தியம் பார்க்க."

பெரிய டாக்டர் அறையில் இல்லை. மேஸ்திரி கதவோரம் நின்றுகொண்டார். கண்டக்டர் ஜன்னலுக்குப் போய் மூன்றாவது தொட்டியைப் பூப்போலத் திருப்பினான். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் அச்சடித்த சீட்டு. நோயாளி பெயர் காலி. வயது காலி. வார்டு காலி.

"பேரு, வயசு ஒண்ணும் எழுதாம அட்மிஷன் போட்டிருக்காங்க" என்றான். ஐந்தையும் திருப்பிப் பார்த்தான். ஐந்தும் அதே.

ஸ்டோரில் விசாரித்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கென்று வந்த ஐந்து வாளிகளைத் தோட்டக்காரர் வாங்கிப் போயிருந்தார். பெரிய டாக்டருக்கு நல்ல தொட்டியாகப் பார்த்து ஐந்து வேண்டும் என்று சொல்லப்பட்டதாம். பெரிய டாக்டருக்கு என்று சொன்னால் இந்தக் கட்டடத்தில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, சீட்டுப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டார். பெரிய டாக்டருக்கு அது பூந்தொட்டி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அப்படியானால் அன்றைக்குத் தியேட்டரில் வாளி இல்லை. வாளி இல்லாத இடத்தில் பூசணி வெளியே வந்திருக்கிறது. நேரம் ஓடுகிறது. கையில் இருப்பது சின்ன டப்பா. மேஸ்திரிக்கு மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும்.

தியேட்டர் சிஸ்டர் கறாரான பெண்மணி. பெரிய டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பேச வேண்டாம், எண்ணுவதைக் காட்டினால் போதும் என்றார் மேஸ்திரி. ஆபரேஷனில் திறக்கிற ஒவ்வொரு ஊசியையும் பஞ்சையும் பிளேடையும் நேரத்தோடு எழுதி, மூடுவதற்கு முன் எண்ணிச் சரிபார்ப்பது இவர்கள் பழக்கம், எதையும் உள்ளே மறந்துவிடக்கூடாது என்பதற்காக. சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் போய்விட்டார்.

தையல்காரம்மா பெயருக்கு நேரே மேஸ்திரி விரலை ஓட்டினார். பத்து முப்பத்தைந்து: கட்டி வெளியே எடுக்கப்பட்டது. பத்து நாற்பது: புது பிளேடு ஒன்று.

"சிஸ்டர், கட்டி வெளியே வந்தாச்சு. லேப் பதில் வர்ற வரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அப்புறம் புது பிளேடு யாரை வெட்ட?"

சிஸ்டர் திரும்பாமலே பதில் சொன்னார். "நான் பிளேடை எண்ணுவேன். எதை வெட்டினாங்கன்னு எழுதுறதுக்குக் கட்டம் கிடையாது." கொஞ்சம் பொறுத்து, "மேல்பக்கமா, வழவழன்னு அழகா இருந்த இடம்" என்று ஜன்னலிடம் சொன்னார்.

நாலு மணி வரை காத்திராமல் மூன்றரை மணிக்கே லேபில் கூட்டம். கமிட்டி இங்கே வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியதில் பெரிய டாக்டருக்குக் கோபம். கூட வந்த இரண்டு உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தையல்காரம்மாவை வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் கொண்டுவரும் பொறுப்பு கண்டக்டருக்கு. நோயாளியோடு வந்ததால் லிப்டில் ஏறும் பாக்கியம் அவனுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு தளத்திலும் இறங்குறவங்க முன்னாடி வாங்க என்று கூவிக்கொண்டே வந்தானாம். வயிற்றுத் தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதே என்று தையல்காரம்மா திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். மடியில் மூட்டை.

மேஸ்திரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வாளி இல்லாதது, புது பிளேடு, பத்தை. பெரிய டாக்டர் முதலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிளேடு எழுதிய பக்கத்தைக் கண்ணால் பார்த்ததும் ஆட்டம் நின்றது. அன்றைக்கு நாலு ஆபரேஷன். கட்டி அனுப்பினோம் என்பது நினைவிருக்கிறது. எப்படி அனுப்பினோம் என்பது நினைவில் இல்லை.

"சரி, ஒரு துண்டு வெட்டியிருக்கலாம்" என்றார். "ஆனா இந்த ஜாடியில இருக்கிறது அந்தத் துண்டுதான்னு என்ன நிச்சயம்? லேப்ல மாறலைன்னு என்ன நிச்சயம்?"

கேள்வி நியாயம். மேஸ்திரி அதற்கும் தயாராக வந்திருந்தார். டாக்டரம்மா கட்டியைப் பலகையில் வைத்தார். நீர் வடிந்து, ஆய்வுக்காகப் பல இடத்தில் கீறப்பட்டு, நனைந்த சாக்குப் பைபோலக் கிடந்தது. மேல்பக்கம் ஓரிடத்தில் சதுரமாக ஒரு பள்ளம். மேஸ்திரி கையுறை மாட்டிக்கொண்டார். உடைந்த ஓட்டுக்கு ஓடு பொருத்துவதுபோல, பச்சை மை மேலே தெரியும்படி பத்தையைப் பள்ளத்தில் வைத்தார்.

பொருந்தவில்லை.

திருப்பி வைத்தார். ஒரு விரல் இடைவெளி. இன்னொரு பக்கம் திருப்பினார். மூலை இடித்தது. டெக்னீஷியன் சுவரோடு ஒட்டி நின்றாள். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்டக்டருக்குக்கூட ஒரு நகைச்சுவை தோன்றவில்லை.

"இதைத்தான் நானும் சொன்னேன்" என்று தையல்காரம்மா மூட்டையை இறுக்கிக்கொண்டாள். "என்னுது இல்லை. என்னை விடுங்க."

ஆனால் கிளம்பவில்லை. அவள் கண் பலகையை விட்டு நகரவில்லை. முப்பது வருஷம் துணியை வெட்டியவளின் எதிரே ஒருவர் ஒட்டுப் போடத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தால் எத்தனை நேரம் பொறுப்பாள்?

"ஏங்க, நீங்க என்ன வேலை பார்த்தவரு?" என்று கேட்டாள்.

"கொத்து வேலைம்மா."

"அதான் வெளிப்பூச்சையே பார்க்கிறீங்க. துணின்னா உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணும். ரெண்டையும் குப்புறப் போட்டு விரிங்க. இழுக்காதீங்க. ஆமா, ரெண்டும் ஒரே நாள்ல நனைஞ்சதா?"

இல்லை என்றாள் டெக்னீஷியன். துண்டு அன்றைக்கே மருந்தில் விழுந்தது, கட்டி மறுநாள். மருந்தில் போட்டது சுருங்கும்.

"பின்ன எப்படி ஓரம் சேரும்? ஒண்ணை ஊற வச்சு, இன்னொண்ணை ஊற வைக்காம வெட்டினா சட்டைக் கை ரெண்டும் ஒரே நீளமா இருக்குமா? ஓரத்தை விடுங்க. கோட்டைப் பாருங்க. கோடு போட்ட துணியில பாக்கெட் வைக்கிறப்போ, பாக்கெட்டுக் கோடும் சட்டைக் கோடும் ஒண்ணா ஓடணும். அதுதான் ஒரே துணிக்கு அடையாளம்."

டாக்டரம்மா இரண்டையும் குப்புறத் திருப்பினார். உள்பக்கம் முழுக்க மெல்லிய வரப்புகள், உழுத வயல்போல. பத்தையின் உள்பக்கத்திலும் வரப்புகள். இரண்டு தடியானவை, நடுவில் ஒரு மெல்லியது, ஓரத்தில் ஒன்று இரண்டாகக் கிளைபிரிந்தது. தையல்காரம்மா நாற்காலியிலிருந்து எட்டி, தொடாமல், விரலால் காற்றில் வழி காட்டினாள். கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க.

இரண்டு தடி வரப்பும் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து வரப்புகளோடு சேர்ந்தன. மெல்லியது மெல்லியதோடு. கிளைபிரிந்தது, அந்தப் பக்கத்தில் இரண்டாகவே ஓடியது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த லேபில் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம், வெறும் கண்ணால் பார்க்க ஒரு ஆள் வைக்கவில்லை என்றார்.

தையல்காரம்மா சாய்ந்து உட்கார்ந்தாள். "வெட்டினவருக்குக் கத்தரி பிடிக்கத் தெரியலை" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா துணி என்னுதுதான். அப்போ நோவும் என்னுதுதான்."

மேஸ்திரி அவளுக்குக் கேட்கும்படி சொன்னார். "ஒரு தடவை லாரி மணல் வந்துச்சும்மா. மேல ஒரு கை அள்ளிப் பார்த்தேன். தங்கம் மாதிரி மணல். இறக்கச் சொல்லிட்டேன். அடியில முக்கால் லோடு களிமண். அந்தக் கைப்பிடி மணல் பொய் சொல்லலை. நான்தான் ஒரு கையைப் பார்த்துட்டு லாரிக்கே நற்சாட்சி குடுத்தேன்."

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "இனிமே மூணாவதா ஒண்ணு வந்து மறுபடி மாத்திச் சொல்லுமா?"

"இப்ப முழுசும் பார்த்தாச்சும்மா. முப்பது இடத்துல எடுத்தோம். ரெண்டு இடத்துல மட்டும் இருக்கு. சின்னதா, ஒரு மூலையில. வேற எங்கேயாவது போயிருக்கான்னு உள்ள பார்த்தாத்தான் தெரியும். அதை இங்க உக்காந்து என்னால சொல்ல முடியாது. சீக்கிரம் பார்த்தா நல்லதுன்னு மட்டும் சொல்லுவேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதுதான் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். மடியிலிருந்த மூட்டையை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தாள்.

"படுக்கிறேன். ஆனா ஒரு நிபந்தனை. இந்தத் தடவை எடுக்கிறதை எல்லாம் முழுசா வாளியில போட்டு, இந்தப் பொண்ணு கையில குடுக்கணும்." டெக்னீஷியனைக் காட்டினாள். "வெட்டுறதா இருந்தா இங்க வெட்டட்டும்."

வாளி கிடைக்கும் என்றார் மேஸ்திரி. ஐந்து வாளிகள் எங்கே இருக்கின்றன என்று தனக்குத் தெரியும் என்றார். பெரிய டாக்டர் கேள்வியாகப் பார்த்தார். கண்டக்டர், உங்கள் அறை ஜன்னலில் ஐந்து பேர் பெயர் எழுதாமல் அட்மிட் ஆகியிருக்கிறார்கள், சுவர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்று பணிவாகச் சொன்னான். விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் காது நுனி வரை சிவந்தது.

அதற்குப் பிறகு அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார் என்று சொல்ல வேண்டும். தையல்காரம்மாவிடம், தப்பு என்னுடையது என்றார். லேப் டாக்டரம்மாவிடம், நீங்கள் போனில் சொன்னதை நான் அவர்களுக்கு முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கமிட்டி உறுப்பினர்களிடம் விசாரணை முடிந்தது என்றார். மேஸ்திரியின் கையைக் குலுக்கி, லிப்டில் போங்கள் என்றார். வாசலுக்குப் போகிற வழியில் டெக்னீஷியன் நின்றிருந்தாள். அவளைத் தாண்டும்போது, "அந்தப் பலகையைத் துடைச்சு வச்சிடுங்க" என்றார். போய்விட்டார்.

அவள் துடைத்து வைத்தாள்.

ஐந்து மணிக்கு வெளியே, வாசல் பெஞ்சில் மாமியார் காத்திருந்தாள். கண்டக்டர் பஸ் வரவைச் சொல்வதுபோல ஒப்பித்தான். வேலை தப்பியது, ஆபரேஷன் நாளை மறுநாள், செடிகள் தரைக்கு இறங்கிவிட்டன, தோட்டக்காரர் ஓட்டை போட்ட வாளிகளுக்குப் பதிலாக ஐந்து புது வாளிகள் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

"அவர் இவகிட்ட மன்னிப்புக் கேட்டாரா?" என்றாள் மாமியார்.

மேஸ்திரி முட்டியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"விடுங்க அத்தை, வேலை இருக்குல்ல" என்றாள் மருமகள்.

"நான் உன்கிட்ட கேட்கலை." மாமியார் பெஞ்சில் இன்னும் வசதியாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையிலும் வருவேன், நாளை மறுநாளும் வருவேன், பெரிய டாக்டர் எந்தக் கதவு வழியாக வருவார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

கண்டக்டர் கைநோட்டைத் திறந்து, வழக்கு முடிந்தது என்று எழுதப் போனான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, வேறு ஒரு வரி சொன்னார். அவன் எழுதிக்கொண்டான்: பெரிய டாக்டர் டெக்னீஷியனுக்குத் தர வேண்டிய மன்னிப்பு ஒன்று, இன்னும் வரவில்லை.